இடைத்தர மாணாக்கரும் அமெரிக்கப் பல்கலைக் கழகங்களும்

உயர்கல்வி என்றவுடன் நம் பெற்றோர் உள்ளத்தில் இரண்டே காட்சிகள் தோன்றுகின்றன. ஒன்று, எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்று மேடையேறிப் பரிசு வாங்கும் மாணவன். மற்றொன்று, படிப்பு ஏறாமையால் வேலைக்குச் சென்றுவிட்ட மாணவன். இவ்விருவருக்கும் இடையில் நிற்பவர் தொகையோ இவ்விருவரினும் மிகப் பெரிது. எஸ்.பி.எம். தேர்வில் ஓரிரு ‘ஏ’, இரண்டு மூன்று ‘பி’, எஞ்சியவற்றில் ‘சி’யும் ‘டி’யும் பெற்ற அவர்களைப் பற்றிப் பேசுவார் இலர். அவர்களுள் ஒருவன் அமெரிக்காவில் படிக்க விரும்புவதாகச் சொன்னால் அவனுடைய ஆசிரியரே நகைத்துவிடுவதுண்டு. மறுபுறத்தில், “பணத்தைக் கட்டுங்கள்; இடம் வாங்கித் தருகிறோம்” என்று அதே மாணவனின் வீட்டு வாயிலுக்கு வரும் தரகர்களும் உளர். நகைப்பவரை நம்பினால் வாய்ப்புப் போகும். தரகரை நம்பினால் தந்தையாரின் சேமநிதிப் பணம் போகும். உண்மை நிலை இவ்விரண்டுக்கும் வேறானது. அதனை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

முதற்கண், அமெரிக்கக் கல்வியமைப்பு நம்முடையது போன்றதன்று. நம் நாட்டில் அரசுப் பல்கலைக் கழகங்களுக்கு யு.பி.யு. என்னும் ஒரே வாயில் வழியாக விண்ணப்பம் செல்கிறது. அந்நாட்டில் அத்தகைய பொதுவாயில் இல்லை. பட்டம் வழங்கும் கல்வி நிலையங்கள் அங்கு ஏறத்தாழ 4,000 உள்ளன. நடுவண் அரசின் கல்வித்துறை 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. ஆனால் பல்கலைக் கழகங்களில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது அதன் பணியன்று. ஒவ்வொரு கல்வி நிலையமும் தன் வாயிலுக்குத் தானே காவலன். 1636-இல் தோன்றிய ஹார்வர்டும், 1862-ஆம் ஆண்டின் மொரில் சட்டத்தால் நிலம் பெற்றுப் பெருகிய மாநிலப் பல்கலைக் கழகங்களும், மாவட்டந்தோறும் உள்ள இரண்டாண்டுக் கல்லூரிகளும் ‘அமெரிக்கப் படிப்பு’ என்னும் ஒரே பெயரால் நம்மவரால் சுட்டப்படுகின்றன. ஆனால் ஹார்வர்டின் அளவுகோலைக் கொண்டு எஞ்சியவற்றை அளப்பது, கினாபாலு மலையைப் பார்த்துவிட்டு எல்லாக் குன்றுகளையும் ஏற முடியாதவை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

சராசரி மதிப்பெண் பெற்றவனுக்கும் வழி வைக்கும் மரபு அங்கு எவ்வாறு வந்தது? 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியோடு ஒட்டி, பல்கலைக் கழகப் படிப்பின் முதல் இரண்டாண்டுகளை மட்டும் கற்பிக்கும் சிறு கல்லூரி தொடங்கப்பட்டது. பொதுப் பணத்தில் நடந்த இரண்டாண்டுக் கல்லூரிகளுள் அதுவே மூத்ததாகக் கருதப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, பள்ளிப் படிப்பை முடிக்காமலே படையில் சேர்ந்தவர்கள் அதற்கு ஒப்பான தகுதியைத் தேர்வெழுதிப் பெறுவதற்காக 1942-இல் ஜி.இ.டி. தேர்வு வகுக்கப்பட்டது. 1944-இல் போர்வீரர் கல்விச் சட்டம் வந்தது. அதன் பயனாக ஏறத்தாழ இருபத்திரண்டு இலட்சம் முன்னாள் வீரர்கள் கல்லூரிகளுக்குள் வந்தனர். பள்ளியில் அவர்கள் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு இவர்களை எடைபோடுவது இயலாதாயிற்று. பள்ளியில் சோர்ந்திருந்தவன் முதிர்ச்சி வந்தபின் நன்றாகப் படிக்கக் கூடும் என்பதை அந்நாட்டுப் பேராசிரியர்கள் கண்கூடாகக் கண்டனர்.

அவ்வனுபவத்தின் தெளிவான வடிவம் கலிபோர்னியா மாநிலத்தின் 1960-ஆம் ஆண்டு உயர்கல்வித் திட்டம். பள்ளி முடிப்போரில் உயர்ந்த எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்திற்கும், உயர்ந்த மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதியுடையர். ஏனையோர் அனைவர்க்கும் இரண்டாண்டுக் கல்லூரிகள் திறந்திருக்கும் என்று அத்திட்டம் வகுத்தது. இவ்வளவோடு நின்றிருப்பின் அது வெறும் தரம் பிரித்தலாகவே முடிந்திருக்கும். இரண்டாண்டுக் கல்லூரியில் நன்கு படித்தவன் மூன்றாம் ஆண்டிற்குப் பல்கலைக் கழகத்துக்கு மாறிச் செல்லலாம் என்ற பாலமும் அதில் இருந்தமையே அதன் சிறப்பு. அப்பாலம் இன்றும் உள்ளது. அயல்நாட்டு மாணவரும் அதன்மேல் நடக்கலாம். அக்கல்லூரிகளை அங்குச் ‘சமூகக் கல்லூரி’ என்பர். நம் நாட்டில் அதே பெயரில் கைத்தொழிற் பயிற்சியை முதன்மையாகக் கொண்ட கல்லூரிகள் இருப்பதால் பெற்றோர் மயங்குவர். பெயர் ஒன்றாயினும் இரண்டும் வேறு.

இப்பாலத்தின் கணக்கு அறியத்தக்கது. கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் பள்ளியிலிருந்து நேரே வரும் அயல்நாட்டு மாணவனிடம் நான்கு புள்ளி அளவையில் குறைந்தது 3.4 எதிர்பார்க்கிறது. சமூகக் கல்லூரியில் இரண்டாண்டு படித்து மாறி வருபவன் அயல்நாட்டினனாயின் அவனிடம் கேட்கப்படும் குறைந்த அளவு 2.8. புள்ளி கணக்கிடும் முறை எளிது. ‘ஏ’க்கு 4, ‘பி’க்கு 3, ‘சி’க்கு 2, ‘டி’க்கு 1 என்று வைத்து, ஒவ்வொன்றையும் அப்பாடத்தின் கிரெடிட் எண்ணால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். ஒருவன் மூன்று கிரெடிட் ஆங்கிலத்தில் ‘பி’, நான்கு கிரெடிட் கணிதத்தில் ‘சி’, மூன்று கிரெடிட் வரலாற்றில் ‘ஏ’, நான்கு கிரெடிட் அறிவியலில் ‘பி’ பெற்றான் என்று கொள்வோம். புள்ளிகள் 9, 8, 12, 12, கூட்டினால் 41. கிரெடிட் 14. வகுத்தால் 2.93. ஒரு ‘சி’ பெற்றவனும் அந்தக் குறைந்த அளவைக் கடந்து நிற்கிறான்!

இதனைக் கண்டு துள்ளிக் குதித்தலும் தவறு. 2.8 என்பது விண்ணப்பிக்கும் தகுதியே அன்றி இடம் பெறும் உறுதி அன்று. கணினி, பொறியியல் போன்ற துறைகளுக்கு அதனினும் மிகுதியாக வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ ஆகிய மூன்றும் நீங்கலாக, டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், தாம் விதித்த புள்ளியையும் பாடங்களையும் நிறைவு செய்யும் கலிபோர்னியாச் சமூகக் கல்லூரி மாணவர்க்கு இடம் தருவதாக முன்கூட்டியே எழுத்தில் உறுதியளிக்கும் ஏற்பாடும் உண்டு. அவ்வுறுதிக்கு, வளாகத்திற்கும் துறைக்கும் ஏற்ப, பெரும்பாலும் 2.8-ஐ விட மிகுதியாகக் கேட்கப்படும். ஆயினும் ஒன்றை உன்னிப்பாக நோக்க வேண்டும். அங்கே கணக்கில் எடுக்கப்படுவன சமூகக் கல்லூரியில் பெற்ற புள்ளிகளே. பதினேழு வயதில் எழுதிய எஸ்.பி.எம். தேர்வின் ‘டி’ அங்குப் பின்தொடர்ந்து வருவதில்லை.

இனி, நம் சான்றிதழ்கள் அங்கே எவ்வாறு படிக்கப்படுகின்றன என்று காண்போம். எழுத்து ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்று என்று கொள்ளுதல் கூடாது. அமெரிக்கப் பள்ளியில் ‘சி’ என்றால் நடுத்தரம், எஸ்.பி.எம். சான்றிதழில் ‘சி’யும் சிறப்புத் தேர்ச்சி என்னும் வகையிலேயே அடங்கும். நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கும் அவ்வாறே. பிரிட்டிஷ் பல்கலைக் கழகங்களில் எழுபது பெற்றால் முதல் வகுப்பு. அமெரிக்க வகுப்பறையில் எழுபது பெரும்பாலும் ‘சி’யின் தொடக்கம். ஆகவேதான், கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் உட்படப் பலவும், மதிப்பெண்களை மாணவரே அமெரிக்க அளவைக்கு மாற்ற வேண்டா, சான்றிதழில் உள்ளவாறே எழுதுக என்று கட்டளையிடுகின்றன. நம் மாணவர் சிலர் தம் ‘பி’யைத் தாமே 3 என்று மாற்றி எழுதித் தம்மைத் தாமே தாழ்த்திக் கொள்கின்றனர். வேறு சிலர் உயர்த்தி எழுதுகின்றனர். அது பொய்யாகக் கருதப்பட்டு, கொடுத்த இடத்தையும் திரும்பப் பெறச் செய்யும்.

மதிப்பீடு செய்வதற்கென்றே தனி நிறுவனங்கள் உள்ளன. அவை அரசைச் சார்ந்தவை அல்ல. 1974-இல் தோன்றிய டபிள்யூ.இ.எஸ்., 1980-இல் தோன்றிய இ.சி.இ. முதலியன அவற்றுள் அறியப்பட்டவை. சான்றிதழின் மொத்த ஒப்புமையை மட்டும் சொல்லும் அறிக்கை ஒன்று. பாடம் பாடமாகப் பிரித்துக் கிரெடிட்டும் புள்ளியும் சொல்லும் அறிக்கை மற்றொன்று. பின்னதற்குக் கட்டணம் மிகுதி. எல்லாக் கல்லூரிகளும் இதனைக் கேட்பதில்லை. பல இடங்களில் சேர்க்கை அலுவலகத்தாரே படித்துக் கொள்வர். கல்லூரி கேட்பதற்கு முன்பே பணம் கட்டி மதிப்பீடு வாங்குவது வீண் செலவு.

எஸ்.பி.எம். பதினோராம் ஆண்டின் இறுதியில் எழுதப்படுவது. அமெரிக்கப் பள்ளிக் கல்வி பன்னிரண்டு ஆண்டு. பல கல்லூரிகள் எஸ்.பி.எம். சான்றிதழைப் பள்ளி நிறைவாக ஏற்கின்றன, சில எஸ்.டி.பி.எம். அல்லது ஏ லெவல் கேட்கின்றன. பின்னவற்றில் நல்ல தேர்ச்சி பெற்றவர்க்கு முதலாண்டுக் கிரெடிட் சில வழங்கும் பல்கலைக் கழகங்களும் உண்டு. ஆறாம் படிவத்தை இழிவாக எண்ணும் மாணவர் இதனை அறிய வேண்டும். ஈண்டு, தமிழ்ப்பள்ளியிலிருந்து சென்றவர்க்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஆறாம் ஆண்டு முடித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து, பின் ஐந்து படிவம் படித்தவனுக்கு ஆண்டுக் கணக்கில் பன்னிரண்டு ஆகிவிடுகிறது. ஆனால் புகுமுக வகுப்பு மொழிப் பயிற்சிக்கு உரியது. மேல் வகுப்பு அன்று. அதனைப் பன்னிரண்டாம் வகுப்பாகக் காட்ட முயல்வது தவறு. காட்டாமல் மறைப்பதும் தவறு. ஏனெனில் வயதைப் பார்ப்பவர் இடையில் ஓராண்டு எங்கே போயிற்று, தோல்வியுற்றுத் தங்கினானா என ஐயுறுவர். தாய்மொழிப் பள்ளியிலிருந்து மலாய் மொழிப் பள்ளிக்கு மாறுவோர்க்கு அமைந்த ஓராண்டு அது என்று தலைமையாசிரியர் இரண்டு வரி எழுதினால் ஐயம் தீரும்.

அமெரிக்கச் சேர்க்கை அலுவலகத்தார் ஒரே ஒரு தேர்வுச் சான்றிதழோடு நிறைவடைவதில்லை. பள்ளியின் இறுதி நான்காண்டு மதிப்பெண் பதிவேட்டை, பள்ளி முத்திரையோடு கேட்பர். நம் வழக்கிலோ, எஸ்.பி.எம். வந்தபின் பழைய தேர்ச்சி அறிக்கைகளைப் பேணுவார் அரியர். ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். 2021-இலும், மூன்றாம் படிவத்தின் பி.தி.3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டமையால், அவ்விடத்தை நிரப்ப வேண்டியது பள்ளியின் சொந்தப் பதிவேடே. இடைத்தர மாணவனுக்கு இப்பதிவேடு பாதகமன்று; பல வேளைகளில் துணையே. மூன்றாம் படிவத்தில் ‘டி’, நான்காம் படிவத்தில் ‘சி’, ஐந்தாம் படிவத்தில் ‘பி’ என்று ஏறிவரும் வரிசை, தொடக்கம் முதல் ‘பி’யிலேயே நின்றுவிட்டவனை விடச் சிலர் கண்ணுக்கு நன்றாகத் தோன்றும். அவ்வேற்றத்தைக் காட்டத் தாள் வேண்டுமே!

பரிந்துரைக் கடிதமும் ஆசிரியர் கையில்தான் உள்ளது. “இம்மாணவர் நல்லொழுக்கமுடையவர், சுறுசுறுப்பானவர், எதிர்காலத்தில் சிறக்க வாழ்த்துகிறேன்” என்னும் நம் வழக்கமான நன்னடத்தைச் சான்றிதழ் அங்கு எடுபடாது. அது எவர்க்கும் பொருந்தும்; ஆதலின் எவரையும் காட்டாது. கணிதத்தில் தோற்ற மாணவன் ஒவ்வொரு செவ்வாயும் பள்ளி முடிந்தபின் நின்று மீண்டும் மீண்டும் பின்னக் கணக்குப் போட்டான் என்று எழுதினால் அது ஓர் ஆளைக் காட்டும். மாணவன் எழுதும் கட்டுரைக்கும் இதுவே விதி. நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பம் ஒன்று 1975 முதல் நடந்து வருகிறது; அதில் கட்டுரையின் மேலெல்லை 650 சொல். கலிபோர்னியாவில் எட்டு வினாக்களில் நான்கிற்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள் விடை எழுத வேண்டும். தேர்வுக்கென மனப்பாடம் செய்த மாதிரிக் கட்டுரையின் பழமொழியும் முத்தாய்ப்பும் இங்கு உதவா. வறுமையைப் பறையடித்து இரக்கம் தேடுவதும் வேண்டா. விடியற்காலையில் தாயார் வேலைக்குச் சென்றபின் தம்பி தங்கையரைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்தவன், எதை எப்படிச் செய்தான் என்று உள்ளதை உள்ளவாறு எழுதினால் போதும். மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதற்குக் காரணம் இருந்தால் அதனையும் இரண்டு மூன்று வரியில், முறையீடு போல் அல்லாமல், சொல்லலாம்.

நுழைவுத் தேர்வுகளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1926-இல் தோன்றிய எஸ்.ஏ.டி. தேர்வு 2020-க்குப் பின் பெரும்பாலான கல்லூரிகளில் விருப்பத்திற்கு விடப்பட்டது, 2022-இல் எம்.ஐ.டி.யும், 2024-இல் வேறு சில முன்னணிப் பல்கலைக் கழகங்களும் அதனை மீண்டும் கட்டாயமாக்கின. ஆங்கிலத் தேர்வு ஒன்று மட்டும் ஏறத்தாழ எங்கும் வேண்டும். தமிழும் மலாயும் ஆங்கிலமல்லாத மொழிப் பாடங்களாக எண்ணப்படும் என்பது நம்மவர்க்குக் கூடுதல் நன்மை, எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுத்தால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோர்க்கு இதனையும் சொல்லி வைக்கலாம்.

பெயர் பற்றிய தொல்லை சிறிதெனத் தோன்றும். ஆனால் விண்ணப்பத்தையே நிறுத்திவிடக் கூடியது. அமெரிக்கப் படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கேட்கும். தமிழனுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே உண்டு. நம் கடப்பிதழிலோ மகன், மகள் என்பதைக் குறிக்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ இடையில் நிற்க, பெயர் முழுதும் ஒரே வரியாக உள்ளது. ஒருவன் ஒரு படிவத்தில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகவும், மற்றொன்றில் ‘ஏ/எல்’ என்பதை நடுப்பெயராகவும் எழுதினால், கணிப்பொறி அவனை இரண்டு ஆளாகக் கொள்ளும். முதற்பெயர் என்று ஒன்று பிரிந்து காணப்படாதவிடத்து அமெரிக்க அலுவலகத்தார், ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்பதன் சுருக்கமாக எப்.என்.யூ. என்னும் மூன்றெழுத்தை இடுவதுண்டு. பின்னர் அம்மூன்றெழுத்தே அவன் பெயர் என்று வகுப்பில் அழைக்கப்பட்ட நகைச்சுவையும் நிகழ்வதே. கடப்பிதழில் உள்ள எழுத்துக்களையே எல்லாத் தாள்களிலும் ஒரே முறையில் எழுதுதலே இதற்கு மருந்து. சான்றிதழில் ஓர் எழுத்து வேறுபட்டிருந்தால் எஸ்.பி.எம். ஆண்டிலேயே திருத்திக்கொள்ள வேண்டும்.

பணமே பெருந்தடை. இதனை மறைத்துப் பேசுபவர் நண்பராகார். சமூகக் கல்லூரியில் அயல்நாட்டு மாணவனுக்குக் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்தாயிரம் டாலர். கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் அது நாற்பதாயிரத்துக்கு மேல். உணவும் உறையுளும் வேறு. அந்நாட்டு நடுவண் அரசின் கல்வி உதவி அயல்நாட்டு மாணவர்க்கு இல்லை, நம் பி.தி.பி.தி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்கே உரியது. கல்லூரிக்கு வெளியே வேலை செய்து கட்டணம் கட்டலாம் என்பது தரகர் சொல்லும் பொய்களுள் முதன்மையானது. மாணவர் விசாவில் சென்றவன் கல்லூரி வளாகத்துக்குள், பாடக் காலத்தில் வாரம் இருபது மணி நேரம் வரையே வேலை செய்யலாம். குறைந்தது பன்னிரண்டு கிரெடிட் ஒவ்வொரு பருவமும் படித்தாக வேண்டும். பணமில்லையென்று பாடத்தைக் குறைக்கவும் முடியாது. 1980-களின் நடுவில் மலேசிய மாணவர் 20,000-க்கும் மேற்பட்டோர் அமெரிக்காவில் பயின்றனர். 1997-இல் தொடங்கிய நாணய நெருக்கடியில் டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்தது நான்கையும் கடந்து, 1998 செப்டம்பரில் 3.80 என நிலைநிறுத்தப்பட்டபோது, நடுவழியில் படிப்பை விட்டுத் திரும்பியவர் பலர். முதலாண்டுக்கு மட்டும் பணம் வைத்துக்கொண்டு புறப்படுதல் அறிவுடைமை ஆகாது. முதல் ஓரிரு ஆண்டுகளைக் கோலாலம்பூரை அடுத்த தனியார் கல்லூரிகளின் அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டத்தில் கழித்து, எஞ்சியதற்கு மட்டும் அங்குச் செல்வது செலவைப் பெரிதும் குறைக்கும்.

தரகர் காட்டும் கல்லூரி மெய்யானதா என்று அறியவும் வழி உண்டு. அங்கீகாரம் வழங்குவன தனியார் அமைப்புகள். அவ்வமைப்புகளை நடுவண் கல்வித்துறை ஏற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டத்தை விலைக்கு விற்கும் போலிகள் தமக்குத் தாமே ஓர் அங்கீகார அமைப்பையும் படைத்துக்கொள்வதுண்டு. ஆதலின் ‘அங்கீகாரம் பெற்றது’ என்னும் சொல் மட்டும் போதாது, யாரிடம் பெற்றது என்று கேட்க வேண்டும். அரசாங்க வேலைக்கு வர எண்ணுவோர் நம் அரசின் ஏற்புப் பட்டியலையும் காணுதல் வேண்டும். மருத்துவமும் சட்டமும் அங்கே பள்ளி முடித்தவுடன் படிக்கும் படிப்புகள் அல்ல. முதற்பட்டம் பெற்றபின் படிக்கப்படுவன. “நேரே மருத்துவத்திற்கு இடம்” என்று எவரேனும் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் மூன்றாண்டு பி.ஏ. முடித்து வந்த நம் இளைஞர் சிலர் அமெரிக்காவில் மேற்பட்டம் பயில விரும்புகின்றனர். அங்கு முதற்பட்டம் நான்காண்டு. ஆகவே சில பல்கலைக் கழகங்கள் மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்பதில்லை. சில, முதுகலை இருந்தால் ஏற்கின்றன. சில அப்படியே ஏற்கின்றன. மேற்பட்டத்திற்கு மூன்று புள்ளி என்பது பொதுவான எல்லை. நம் பல்கலைக் கழகங்களின் புள்ளியும் நான்கு அளவையிலேயே இருப்பதால் இங்கு 2.5 பெற்றவர்க்கு அதனை விளக்கிச் சொல்ல இடம் குறைவு. பணி அனுபவமும் இறுதியாண்டுப் புள்ளியும் உயர்ந்திருந்தால் சில துறைகள் இரங்கும்.

விசாவிற்கு முன், கல்லூரி ஓராண்டுச் செலவுக்கான பணச் சான்றைக் கண்டு ஐ-20 என்னும் தாளை அனுப்பும். அதன்பின் மாணவர் பதிவுக் கட்டணம். இது 2019-இல் 350 டாலராக்கப்பட்டது. நேர்காணலில் அதிகாரி அறிய விரும்புவன, எதற்கு இப்படிப்பு, பணம் எங்கிருந்து, முடித்தபின் எங்கே என்னும் மூன்றே. ஆங்கிலத்தில் ஒப்புவிக்கப் பழகிய விடையை அவர் எளிதில் கண்டுகொள்வார். 1963-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் மாணவர்க்கு அறிவுரை வழங்கி வருகிறது. தரகரிடம் முன்பணம் கொடுக்குமுன் அங்கு ஒருமுறை சென்று கேட்பது நன்று. ஆகஸ்டு இறுதியில் தொடங்கும் வகுப்புக்கு முன்னணிப் பல்கலைக் கழகங்கள் முந்தைய நவம்பர் முதல் சனவரிக்குள் விண்ணப்பம் பெறுவதை முடித்துவிடும். சமூகக் கல்லூரிகளும் பல மாநிலப் பல்கலைக் கழகங்களும் அதற்குப் பின்னரும் இடமுள்ள வரை பெற்றுக்கொண்டிருக்கும். ஆதலின் எஸ்.பி.எம். முடிவு வந்தபின் விழித்துக்கொண்ட மாணவனுக்கும் சனவரியில் தொடங்கும் அடுத்த பருவம் எஞ்சியிருக்கிறது. அதற்குள் ஆங்கிலத் தேர்வை எழுதி, மலாய் மொழிச் சான்றிதழ்களுக்கு உறுதி செய்யப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்புப் பெற்று, பழைய பள்ளிக்குச் சென்று நான்காண்டுத் தேர்ச்சிப் பதிவை முத்திரையுடன் வாங்கி வைக்கலாம்.